நெல்டாவின் எட்டுப் பக்கங்கள்

நெல்டா முதன்முதலில் என்னிடம் கேட்டது நெருப்பு. பேர் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. கல்லூரிக்குப் பின்புறம், கொங்கிறீட் கட்டிகளால் கட்டிய குப்பை எரிக்கும் அடுப்பில் நான் சாம்பல் வாரிக்கொண்டு நின்றேன். அவளுக்குக் குட்டையாக வெட்டிய கறுத்த மயிர், கோழித் தொழிற்சாலையில் போடுகிற வெள்ளை றப்பர் சப்பாத்து, நெஞ்சோடு அணைத்த நாலைந்து கடதாசி.

"தீப்பெட்டி இருக்கோ?"

"எதை எரிக்கப் போறாய்?"

"நான் எழுதினதை."

"எழுதினதை ரீச்சரிட்டை எல்லோ குடுக்கவேணும்."

"ரீச்சருக்குக் குடுக்க வேற எழுதி வைச்சிருக்கிறன்."

அவளுடைய இங்கிலீசும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே தரம். இரண்டு பேரும் விட்ட பிழைகளை விட்டுவிட்டு இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அது 1977ஆம் ஆண்டு தை மாதம். மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலுக்குக் கிட்ட ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் நான் கெயார்டேக்கர். படித்தது ஆறாம் வகுப்பு. என் மனைவி யோகா தாதி வேலைக்கு என்று இங்கே வந்தாள். அவளுடைய பெட்டிகளோடு நானும் வந்தேன். கதவு பூட்டுவது, கதிரை அடுக்குவது, வெள்ளிக்கிழமை பின்னேரம் குப்பைக் கடதாசியை எரிப்பது என் வேலை. கதிர்காமநாதன் என்ற பேரை இங்கே ஒருவரும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. நாதன் என்பார்கள். தென் அமெரிக்கர்கள் மட்டும் அதற்கு முன்னால் ஒரு 'டொன்' போடுவார்கள். அவர்கள் ஊரில் அது 'ஐயா' மாதிரி.

எழுதிய கடதாசியில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆள் நான். ஒபிஸ் குப்பையை எரிக்கும்போது, எல்லாம் அச்சடித்த படிவம்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். இவள் நீட்டியது கையெழுத்து. ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு உள்ளே போட்டேன்.

"என்ன செய்தனீங்கள்?"

"மன்னிப்புக் கேட்டனான்."

"ஆரிட்டை?"

"படிப்பிட்டை."

அவள் சிரிக்கவில்லை. குந்தியிருந்து கடைசித் துண்டு கருகும்வரை பார்த்தாள். பிறகு ஒரு தடியை எடுத்துச் சாம்பலைக் குத்திப் பொடியாக்கினாள். எரிந்த கடதாசியில்கூட எழுத்துத் தெரியும் என்றாள். இப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

இங்கே கோடை தை, மாசியில். அந்தக் கோடையில் கல்லூரி ஒரு வகுப்புத் தொடங்கியிருந்தது. சிலி, உருகுவே, ஆர்ஜென்டினா நாடுகளிலிருந்து வந்து கோழி வெட்டுவதும் கார்ச் சாமான் பூட்டுவதுமாக இருந்தவர்களுக்கு இங்கிலீசில் எழுதப் பழக்குகிற பத்துக் கிழமை வகுப்பு. தேறினால் சோதனை இல்லாமலே மேல்படிப்புக்குப் போகலாம். நெல்டா தன் ஊரில் ஆஸ்பத்திரியில் தாதிக்கு உதவியாளாக இருந்தவள். இங்கே தாதிப் பயிற்சிக்குப் போக அவளுக்கு இருந்த ஒரே வழி இதுதான். வயது முப்பத்தொன்று, அடுத்த வருடம் என்று தள்ளிப்போட அவளுக்கு மனமில்லை.

படிப்பித்தவர் இராஜேஸ்வரி ரீச்சர். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஸ் படிப்பித்தவர். சிவப்புப் பேனை தொடமாட்டார். ஒரே விசயத்தை நாலு தரம் எழுதவேண்டும், நாலையும் பைலில் வைக்கவேண்டும். அதுதான் அவருடைய முறை. சோதிப்பவர்கள் நகரத்திலுள்ள ஒபிசில் இருப்பார்கள். கடைசியாக எழுதியதை மட்டும் பார்த்து அவர்கள் புள்ளி போடுவதில்லை. முதலாவதிலிருந்து நாலாவதுக்கு ஆள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று பார்ப்பார்கள்.

முதல் தலைப்பு: என் வாழ்க்கையில் ஒரு நாள்.

பதினான்கு பேரும் கடற்கரைக்குப் போனதைப் பற்றி எழுதிக் கொடுத்தார்கள். ரீச்சர் பைல்களை என் மேசையில் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"அண்ணை, பதினாலு கடற்கரை. ஒண்டிலயும் தண்ணி இல்லை. ஒரு ஆள் இல்லை, ஒரு பேர் இல்லை."

"வெயிலுக்குப் போயிருப்பினம் ரீச்சர்."

"பகிடி விடாதேங்கோ. ஒரு பைலிலயும் நாலு டிராப்ட் இல்லை. மிச்சம் எங்கை? என்ர பிள்ளையள் எழுதிற ஒரு துண்டும் உங்கட அடுப்பிலை விழக்கூடாது. விளங்கினதோ?"

"ஓம்," என்றேன்.

சொல்லிவிட்டு அடுத்த வெள்ளியும் எரித்தேன். குற்றம் என்னுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைதான் நெல்டா தன் கதையைச் சொன்னாள். கேட்டபிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவளுடைய ஊர் சிலியில் லோட்டா, நிலக்கரிச் சுரங்கம் உள்ள ஊர். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் கிழமைக்கு ஒரு தரம் தொழிற்சங்கமாகக் கூடிக் கதைப்பார்கள். கையெழுத்து வடிவானவள் என்று, யார் யார் வந்தார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதுகிற வேலையை நெல்டாவிடம் கொடுத்திருந்தார்கள். 1973 புரட்டாதியில் ஆமி நாட்டைப் பிடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு லெப்டினன்ட் அந்தக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டான்.

"என்ர எழுத்தைப் பாத்துத்தான் வாசிச்சவன் டொன் நாதன். ஒரு பேரிலயும் அவன் தடக்கேல்லை. அவ்வளவு தெளிவா எழுதி வைச்சிருந்தனான்."

பதினொரு பேரைக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் திரும்பி வரவில்லை. பன்னிரண்டாவது பேர் அவளுடைய தம்பி ராமிரோ. அன்றைக்கு அவன் வேலைக்கு வரவில்லை. மலையைக் கடந்து ஆர்ஜென்டினாவுக்குள் போய், வேறு பேரில் ஒரு பேக்கரியில் வேலை செய்தான். போன வருடம் அங்கேயும் ஆமி ஆட்சிக்கு வந்துவிட்டது. மாதத்தில் முதல் கிழமை அவனிடமிருந்து நெல்டாவுக்கு ஒரு தபாலட்டை வரும். ஒரு பக்கத்தில் அவளுடைய விலாசம் மட்டும். மறுபக்கம் வெறுமை. வெறுமை என்றால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

"அப்ப எதுக்குப் பிள்ளை உண்மையை எழுதி எழுதி எரிக்கிறாய்? நேரே கடற்கரையை எழுதன்."

"ரீச்சர் முதல் எழுதிறதுக்கு யோசிக்கக்கூடாது எண்டு சொன்னவ. யோசிக்காமல் எழுதினால் கை அங்கைதான் போகுது."

மாசி மாதம் ஒரு வெள்ளி. வடக்குக் காற்று அடுப்பு வாசல்போல் வீசியது. காட்டுத்தீக்குப் பயந்து முழு நெருப்புத் தடை என்று ரேடியோவில் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியான நாளில் வெளியில் ஒரு குச்சி கொளுத்தினாலும் பிடித்து மறியலில் போடுவார்கள். நெல்டா மூன்று மணிக்கு வந்தாள். கையில் எட்டுப் பக்கம்.

"இண்டைக்கு ஏலாது பிள்ளை. நெருப்புத் தடை."

அவளுடைய முகம் வெளிறியது. "இதிலை எல்லாம் இருக்கு. ராமிரோவின்ர இப்பத்தைய பேர் இருக்கு. பேக்கரியின்ர தெரு இருக்கு."

"அதை ஏன் எழுதினாய்?"

"கை எழுதிப்போட்டுது."

"கிழிச்சுப்போடு."

"கிழிச்சதை ஒட்டலாம். ஒட்டினதைக் கண்டிருக்கிறன்."

வீட்டுக்குக் கொண்டுபோகவும் மாட்டாள். வேறு நாலு பேரோடு ஒரு பிளாட்டில் இருந்தாள். இங்கே வந்த தென் அமெரிக்கச் சனங்களுக்குள் யாரோ ஒருவன் ஊர் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறான் என்று எல்லாருக்கும் சந்தேகம். அதுவும் ஒஸ்வால்டோ மேல். அவன் எந்த வெயிலிலும் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டு வந்து, வகுப்பில் கடைசி வரிசையில் இருந்து எல்லாரிடமும் எந்த ஊர் என்று விசாரிப்பவன்.

"குப்பைச் சாக்குக்குள்ளை அடியில வைக்கிறன்," என்றேன். "சாக்கு என்ர சாமான் கொட்டிலுக்குள்ளை இருக்கும். திங்கள் வா, முதல் வேலை இதுதான். என்னை நம்பு."

நம்பினாளா தெரியாது. வேறு வழி இல்லாமல் கொடுத்தாள். அவள் கல்லூரிப் படலை தாண்டும்போது ஒஸ்வால்டோ கொட்டில் பக்கமிருந்து வருவதைக் கண்டேன். என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பி நடந்தான். அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

திங்கள் காலை சாக்கைக் கவிழ்த்தேன். தேநீர் பைக்கற், பத்திரிகை, கிழிந்த கடித உறை. எட்டுப் பக்கம் இல்லை. மறுபடி கவிழ்த்தேன். கொட்டிலின் பூட்டு உடையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். ஏழாயிரம் மைலுக்கு அப்பால் மாப் பிசைகிற ஒருவனை நான் என் கையால் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

மூன்று மணிக்கு வந்த நெல்டா என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு விரலில் எண்ணினாள்.

"இந்த மாசக் கார்ட் போன கிழமை வந்திருக்கவேணும். இன்னும் வரேல்லை."

"அது தபால் பிந்தியிருக்கும். இது வெள்ளிக்கிழமைதானே காணாமல் போனது."

"தெரியும். ஆனாலும் வரேல்லை."

தந்தி அடி என்றேன். தந்தியும் எழுத்துத்தானே என்றாள். சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். வகுப்புப் பக்கமே போகவில்லை.

நான் ஒஸ்வால்டோவைத் தண்ணீர்ப் பைப்படியில் மறித்தேன். அவனைவிட நான் ஒரு சாண் உயரம். "வெள்ளிக்கிழமை என்ர கொட்டிலடியில் உனக்கு என்ன வேலை?"

கையிரண்டையும் மேலே தூக்கினான். சுடப்போகிறவனுக்கு முன்னால் நிற்கிற மாதிரி. நான் பின்வாங்கினேன். மெல்லக் குனிந்து, அந்தப் பொலிஷ் போட்ட சப்பாத்தைக் கழற்றி, காலுறைக்குள் மடித்து வைத்திருந்த கடதாசியை எடுத்து நீட்டினான். அவனுடைய சொந்த டிராப்ட். அதை எரிக்கத்தான் வெள்ளிக்கிழமை வந்தவனாம். அடுப்புக் குளிர்ந்து கிடந்ததால் திரும்பிப் போனானாம்.

"மற்ற நாளில என்ன செய்யிறனீ?"

"குசினியில தண்ணியில ஊறவைச்சுக் கரைக்கிறது," என்றான். "நீங்கள் ஆரின்ர ஆள்? ஆர் உங்களை அனுப்பினது?"

அவன் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறான். ஒருவரும் கேட்காத கேள்வி கேட்கிறவன், எல்லாக் கதவுகளின் திறப்பும் வைத்திருக்கிறவன், குப்பைக் கடதாசியெல்லாம் யாரிடம் போகிறதோ அவன். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

வீட்டில் யோகாவிடம் சொன்னேன். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இராஜேஸ்வரி ரீச்சருக்குச் சொன்னீங்களோ?"

"எரிக்கக்கூடாதெண்டு சொன்ன மனுசி. சொன்னால் வேலை போயிடும்."

"பேப்பர் எரிக்கிற வேலைக்கெண்டு போனீங்கள். அதையும் ஒழுங்காச் செய்யேல்லை. நாளைக்கு வாய் திறந்து சொல்லுங்கோ. உங்களுக்குப் போறது வேலை, அந்தப் பிள்ளைக்குத் தம்பி."

செவ்வாய் பகல் ரீச்சர் வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பி, லெப்டினன்ட், தம்பி, எட்டுப் பக்கம். ரீச்சர் கைப்பையை மேசையில் வைத்தார். அது சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை.

"அண்ணை. அதை நான்தான் எடுத்தனான்."

சனிக்கிழமை பைல்களைக் கட்ட வந்தவர், கயிறு தேடிக் கொட்டிலைத் திறந்திருக்கிறார். அவரிடமும் ஒரு திறப்பு இருந்தது. சாக்குத் தடக்கிச் சரிந்து, கையெழுத்துக் கடதாசியில் கால் பட்டுவிட்டது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றியபோது எழுத்தை அடையாளம் கண்டாராம்.

"முதல் பக்கத்தை ஆரின்ரையெண்டு பாக்கத்தான் வாசிச்சனான். பிறகு வைக்க ஏலாமப் போச்சு. எட்டுப் பக்கமும் வாசிச்சனான். வெக்கத்தில எறிஞ்சு போட்டாளாக்கும் எண்டு நினைச்சன். பத்து வருசமாப் படிப்பிக்கிறன் அண்ணை, இப்பிடி ஒரு எழுத்து வந்ததில்லை. குப்பையில போகவிடுவனோ? அவளின்ர பைலில வைச்சுக் கட்டிப்போட்டன்."

"பைல் எங்கை?"

"நேற்றுக் காலமை வான் வந்து ஏத்திக்கொண்டு போட்டுது. சிற்றி ஒபிசுக்கு."

வேறு ஆளாயிருந்தால் அந்தக் கடதாசியை மிதித்துவிட்டுப் போயிருப்பார்.

புதன் காலை மூன்று பேரும் ரெயினில் போனோம். நெல்டா அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தாள். ரீச்சர் அவளுக்கு எதிரில் இருந்தார். ஸ்பிரிங்வேலிலிருந்து பிளிண்டர்ஸ் ஸ்ரீட் வரை ஒரு தரம்தான் வாய் திறந்தார்.

"நெல்டா, நான் கேட்டிருக்கவேணும்."

"நீங்கள் கேட்டிருந்தாலும் கடற்கரை எண்டுதான் சொல்லியிருப்பன்," என்றாள் நெல்டா.

ஒபிசில் கவுண்டருக்குப் பின்னால் பின்னல் சட்டை போட்ட ஒரு கிழவன். தன்மையான மனுசன். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். ரீச்சர் கயிற்று முடிச்சைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்.

"இது நான் போட்ட முடிச்சில்லை," என்று எனக்கு மட்டும் தமிழில் சொன்னார்.

யார் அவிழ்த்தது என்று கிழவனிடம் கேட்டார். பைல்களை எண்ண யாராவது அவிழ்த்திருப்பார்கள் என்று தோளைக் குலுக்கினான். நெல்டாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவளுடைய விரல்கள் கவுண்டர் விளிம்பில் வெள்ளையாகிப் போயின.

எட்டுப் பக்கமும் பைலுக்குள் இருந்தன. எண்ணி எடுத்தாள். எடுக்கலாம், ஆனால் பைல் குறைந்தால் அவளுடைய பேர் வெட்டுப்படும் என்றான் கிழவன். விட்டுவிட்டுப் போனால் பைலை அலுமாரியில் பூட்டி ஏழு வருடம் வைத்திருப்பார்களாம், பயப்பட ஒன்றுமில்லையாம்.

"ஏழு வருசம்," என்றாள் நெல்டா. அந்தக் கொப்பி ஆமியின் கைக்குப் போக ஒரு வருடம்கூட எடுக்கவில்லை.

பக்கங்களை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். தாதிப் பயிற்சி அத்தோடு போனது என்றுதான் நினைத்தேன். ரீச்சர் கவுண்டரை விட்டு அசையவில்லை. சோதிப்பவர் எப்போது வருவார் என்று கேட்டார். நாளைக் காலை. இன்றைக்கு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டார். ஐந்து.

"அப்ப நாலு டிராப்ட், ஐஞ்சு மணிக்கு முதல்," என்றார். கிழவன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, தன் காதில் ஒன்றும் விழவில்லை என்றான்.

பக்கத்துப் பூங்காவில் மரத்தடியில் கிடந்த பலகை வாங்கில் இருந்து, மடியில் பலகை வைத்து நெல்டா எழுதினாள். எதைப் பற்றி எழுதுவது என்று ரீச்சர் சொல்லவில்லை. "யோசிக்காமல் எழுது" என்றும் இந்தத் தரம் சொல்லவில்லை. நெல்டா அரை மணி நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெருப்புத் தடை போட்ட அந்த வெள்ளிக்கிழமையை எழுதத் தொடங்கினாள். காற்று, குளிர்ந்த அடுப்பு, எரிக்க முடியாத கடதாசி. அதில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் இல்லை. இரண்டாம் தரம் எழுதும்போது பேனையை நிறுத்தினாள்.

"டொன் நாதன். கெயார்டேக்கர் எண்டு மட்டும் எழுதினால் ஆள் இல்லாத கதை மாதிரி இருக்கு. இதிலை ஒரு பேர் வேணும்."

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. பிள்ளையளின்ர பேப்பரை எரிச்சது நீங்கள் எண்டு டிப்பார்ட்மென்ற் வாசிக்கும். ஏழு வருசம் பூட்டியும் வைக்கும்."

ஐம்பத்திரண்டு வயது, ஆறாம் வகுப்பு. இன்னொரு திறப்புக் கோர்வையை யார் என் கையில் தருவார்? நெல்டா அவசரப்படுத்தவில்லை. பேனையைக் கடதாசிக்கு ஒரு விரல் மேலே பிடித்தபடி இருந்தாள். ஒரு பேர் அந்த இடைவெளியில் நிற்பது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் நாலு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

"நாதன் எண்டு எழுதாதை," என்றேன். "பேனையைத் தா."

கதிர்காமநாதன் என்று இங்கிலீசில் ஒவ்வொரு எழுத்தாக ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துப் பார்த்து நாலாவது டிராப்டில் பிழையில்லாமல் எழுதினாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பைலைப் பெட்டிக்குள் வைத்தோம். ரீச்சர் தன் முடிச்சைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காற்று மாறியிருந்தது. எட்டுப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டு ஒற்றிவிட்டு எரித்தேன். நெல்டா குந்தியிருந்து எண்ணினாள். ரீச்சரும் வந்தார். ஆனால் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்.

இரண்டு கிழமை கழித்து டிப்பார்ட்மென்ற் முத்திரையோடு எனக்கு ஒரு நீளக் கடித உறை வந்தது. நாலு நாள் கொட்டிலில் ஆணியில் தொங்கவிட்டேன், உடைக்கவில்லை. யோகா வந்து உடைத்தாள். வருடாந்த லீவு பற்றிய சுற்றறிக்கை. என் பேரை யாரும் வாசிக்கவில்லையா, வாசித்தும் விட்டுவிட்டார்களா என்று இன்றும் தெரியாது. அந்த ஆவணியில் எங்கள் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைக் கேட்டபிறகு, ஊருக்கு எழுதுகிற கடிதங்களில் ஆட்களின் பேர் போடுவதை நானும் நிறுத்திவிட்டேன்.

நெல்டா தேறினாள். பயிற்சி முடித்து இப்போது ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளின் பேரை அச்செழுத்தில்தான் எழுதுகிறாளாம். அந்த வடிவான கையெழுத்தை யாரும் பிறகு காணவில்லை.

ஆனால் தேறிய செய்தி வந்த அன்றும் அவள் சிரிக்கவில்லை. மாசிக் கார்ட் வரவேயில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தது யார் என்ற கேள்வி மூன்று பேரின் நெஞ்சுக்குள்ளும் கிடந்தது. பங்குனி முதல் கிழமையும் ஒன்றுமில்லை. மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம் கொட்டில் வாசலில் வந்து நின்றாள். றப்பர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கிறாள். கையில் ஒரு தபாலட்டை. முதலில் விலாசம் எழுதிய பக்கத்தைக் காட்டினாள். பிறகு மற்றப் பக்கத்தைத் திருப்பினாள்.

"வாசியுங்கோ," என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்தும் இல்லாத அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன்.